நாற்பது பேருக்கு ஒரு பில்லை

எங்கள் மில்லில் நூல் சுற்றுகிற ரீலிங் செக்‌ஷனில் நாற்பது பெண்களுக்கு ஒரே ஒரு பித்தளைப் பில்லை. கக்கூசுக்குப் போகிறவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். அவள் திரும்பி வந்த பிறகுதான் அடுத்தவள் போகலாம். மேஸ்திரி வெங்கடசாமியின் ஸ்டூலுக்குப் பின்னால் ஓர் ஆணியில் அது தொங்கும். கிட்டே போய், "மேஸ்திரி, பில்லை" என்று கேட்க வேண்டும். கேட்டதும் கொடுத்துவிட்டால் அப்புறம் அவருக்கு என்ன மரியாதை? தலையிலிருந்து கால் வரை ஒரு பார்வை பார்ப்பார். "இப்பத்தானே போய்ட்டு வந்தே?" என்பார். நேற்றுப் போனதைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

வெள்ளைக்காரன் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆகஸ்டு மாதம் மில் வாசலில் கொடி ஏற்றி, கைக்கு இரண்டு பெப்பர்மிண்ட் கொடுப்பார்கள். மூத்திரத்துக்கு மட்டும் இன்னும் சுதந்திரம் வரவில்லை. நாங்களும் ரோஷக்காரிகள் இல்லையா, வழி கண்டுபிடித்தோம். தண்ணீர் குடிப்பதில்லை. காலையில் ஒரு வாய்க் காபி, மத்தியானம் சோற்றோடு இரண்டு மடக்கு. அவ்வளவுதான். சிறுநீர் கடுத்தால் கடுக்கட்டும், அந்த ஆளிடம் போய்ப் பல்லிளிப்பதைவிட அது மேல்.

நான் சந்திரம்மா. ஜோகுபாளையத்தில் வீடு. ஆறு பெற்றேன், நாலு தங்கின. கடைசிப் பையன் பிறந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பித்தது. மாதத் தீட்டு தள்ளித் தள்ளி வரத் தொடங்கிய வயசில் ரொம்பவே கூடிவிட்டது. தும்மினால் கசியும். இருமினால் கசியும். நூல்கண்டுக் கூடையைத் தூக்கினால் நனைந்தே போகும். பழந்துணியை மடித்து வைத்துக்கொண்டு வேலைக்குப் போவேன். பஞ்சுத் தூசி பறக்கிற இடத்தில் தும்மாமல் இருக்க முடியுமா? என் புருஷன் அய்யாவு ராணுவ மெஸ்ஸில் சமையல்காரர். பாயை எடுத்துப் போய் வாசல் நடையில் போட்டுக்கொண்டார். காற்றுக்காக என்றார். மார்கழிக் குளிரில் பெங்களூரில் யாருக்கு ஐயா காற்று வேண்டியிருக்கிறது?

அந்த வருஷம் ஆயுத பூஜையன்று மானம் கப்பலேறியது.

மில்லில் ஆயுத பூஜை என்றால் கல்யாணம் மாதிரி. மிஷினெல்லாம் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்து, ரீலுக்கு ரீல் முன்னால் கோலம் போட்டு, வாழைக்கன்று கட்டியிருந்தோம். ஆங்கிலோ இந்தியரான மில் மாஸ்டர் நோயல் துரை தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பவ்யமாக நின்றார். பூசணிக்காயை எடுத்துக் கொடுக்கும்படி மேஸ்திரி என்னைக் கூப்பிட்டார். நான் குனிந்து தூக்கினேன். அந்த நேரம் பார்த்துச் சாம்பிராணிப் புகை மூக்கில் ஏறியது. ஒரு தும்மல், இரண்டு, மூன்று. பூசணிக்காய் கையில், கால் வழியாக ஓடி நான் போட்ட கோலத்தின் மேலேயே விழுந்தது.

யாரும் பார்க்கவில்லை என்றிருந்தால் புடவையால் மறைத்திருப்பேன். வெங்கடசாமிக்குக் கண் கழுகுக் கண்.

"அய்யய்யோ! மிசினுக்குப் பூஜை பண்ற எடத்துல போய்ட்டா பாரு! ஏம்மா, ஒனக்கு அறிவு கீதா? கொளந்தையா நீ?"

துரை என்னவென்று கேட்டார். மேஸ்திரி கையாலேயே காட்டினார். ஸ்பின்னிங்கிலிருந்து வந்திருந்த ஆண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். வெங்கடசாமி ஒரு கைப்பிடி கழிவுப் பஞ்சை என் முன்னால் எறிந்தார். நான் உட்கார்ந்து துடைத்தேன். என் மூத்திரத்தை, நான் போட்ட கோலத்தை, இருநூறு பேர் முன்னால். அன்றைக்கு யாராவது என் கையில் அரிவாள் கொடுத்திருந்தால் பூசணிக்காயோடு நிறுத்தியிருக்க மாட்டேன்.

லீவு முடிந்து போனதும் மில் டாக்டரைப் பார்க்கச் சொல்லி உத்தரவு. டாக்டர் சீனிவாசராகவன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. தொட்டுப் பார்க்கவில்லை. எத்தனை பிள்ளை என்று கேட்டார், சொன்னேன்.

"வயசானா அப்படித்தாம்மா. எல்லாம் எறங்கிப் போயிருக்கும். நிக்கற வேலை இனிமே ஒனக்கு ஆகாது. சங்கராந்தி கழிச்சு மறுபடி வா. அப்பவும் இப்படியேன்னா அன்ஃபிட்னு எழுதிடுவேன். என்னைக் குத்தம் சொல்லப்படாது."

அன்ஃபிட் என்றால் சீட்டுக் கிழிந்தது. இருபத்திரண்டு வயசில் இந்த ரீலுக்கு முன்னால் வந்து நின்றேன். நூல் அறுந்தால் சத்தத்திலேயே எந்தக் கண்டு என்று சொல்லுவேன். என் சம்பளம் இல்லையென்றால் பெரிய பையனின் படிப்பு அன்றோடு சரி. அதைவிட, மூத்திரம் போய் வேலையிழந்தவள் என்கிற பெயரோடு ஜோகுபாளையத்துக் குழாயடியில் நான் எப்படிக் குடத்தை வைப்பேன்?

பக்கத்து ரீல் சின்னத்தாயி அக்காவுக்கும் இதே கதைதான். என்னைவிட மூத்தவள், என்னைவிட மோசம். ஆனால் கறுப்புப் புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு சமாளிப்பாள்.

"அல்சூர் ஏரிக்கிட்ட பொம்பளைங்க ஆஸ்பத்திரி ஒண்ணு கீதே, அங்க புச்சா ஒரு லேடி டாக்டர் வந்துக்கீறாங்களாம். போய்ப் பாரு சந்திரா. சும்னே அழுதுக்கினு இருந்தா ஆவுமா?" என்றாள்.

போனேன். டாக்டர் பாமா என் மூத்த பெண்ணைவிட நாலைந்து வயசுதான் பெரியவராக இருப்பார். கண்ணாடி போட்டுக்கொண்டு படபடவென்று பேசினார். வெளியே கூட்டம் கதவை இடித்துக்கொண்டிருந்தது.

"ஆபரேஷன் இப்போ வேண்டாம். இதுக்குன்னு ஒரு பயிற்சி இருக்கு. ஒண்ணுக்குப் போறச்சே பாதியில நிறுத்தறதா நெனைச்சுக்கோங்கோ. அந்த எடத்தை இறுக்கிப் பிடிக்கணும். கொஞ்சம் வச்சிருந்து, முழுசா விட்டுடணும். தெனம் பலதடவை. மாசக்கணக்கா பண்ணணும்."

எனக்குச் சுர்ரென்று வந்தது. "நிறுத்தறதா? டாக்டரம்மா, இருபது வருசத்துக்கு மேல அதத்தானே பண்ணிக்கினு கீறேன்! பில்லை கெடைக்கிற வரைக்கும் நிறுத்தி நிறுத்தித்தான் இந்தக் கதி."

"அது பல்லைக் கடிச்சுண்டு நிக்கறது. இது வேற. பண்ணிப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டுவிட்டார்.

அக்காவுக்கும் சொல்லிக்கொடுத்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கோடவுன் சுவரில் சாய்ந்து இரண்டு பேரும் செய்தோம். அந்த இடத்துக்கு எங்களைப் போன்றவர்கள் வாழ்க்கையில் கேட்டிருக்கிற ஒரே கட்டளை என்ன? மருத்துவச்சி தொடையில் அடித்து, "முக்குடி, முக்கு, தம் கட்டி முக்கு" என்று கத்துவாளே, அதுதான். டாக்டர் இறுக்கு என்றதும் உடம்பு தானாக அதற்குத்தான் போயிற்று. தம் கட்டி, கண்ணை மூடி, முழு பலத்தோடு முக்கினோம். அக்காவுக்கு முகம் சிவந்து கண் பிதுங்கியது. "நல்லா வேலை செய்யுதுடி, காதெல்லாம் அடைக்குது" என்றாள்.

நன்றாகத்தான் வேலை செய்தது. தும்மினால் கசிந்தது போய், நடந்தாலே கசிய ஆரம்பித்தது. கீழே என்னவோ கல்லைக் கட்டித் தொங்கவிட்டது போல இழுத்தது. துணி போதாமல் பழைய போர்வையைக் கிழித்தேன். வீட்டில் நடைப் பாய் தெருப் பக்கம் இன்னும் ஒரு முழம் நகர்ந்தது.

ஆஸ்பத்திரிக்குச் சண்டை போடத்தான் போனேன். வரிசையை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், "படிச்சவங்க வெளையாட நாங்கதான் கெடைச்சோமா?" என்று கேட்டேன். என்னென்னவோ கேட்டேன். வெளியே இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

டாக்டர் பாமா கதவைச் சாத்தி, என்னைப் படுக்கச் சொன்னார். கையுறை மாட்டிக்கொண்டு உள்ளே விரலை வைத்து, "இப்போ பண்ணுங்கோ" என்றார். தம் கட்டினேன்.

"ஐயோ, நீங்க வெளியே தள்றேள்! பிரசவத்துக்குத் தள்றாப்பல தள்றேள். இது உள்ளே இழுக்கணும், மேலே. என் விரலைப் பிடிச்சு மேலே இழுங்கோ. மூச்சை அடக்காதேங்கோ."

இழுத்தேன். வயிறு வந்தது, தொடை வந்தது, தாடை வந்தது. அந்த இடம் மட்டும் வரவில்லை. மறுபடி, மறுபடி. கடைசியில் எங்கேயோ ஆழத்தில், எனக்கே தெரியாத ஒரு சதை லேசாக அசைந்தது. ஆறு பிள்ளை பெற்ற உடம்பில், நான் அன்றுவரை சந்திக்காத ஒன்று அங்கே இருந்தது.

"அதுதான்! அதேதான்!" என்றார் டாக்டர். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தப்பு என்னோடது. மொத நாளே தொட்டுப் பார்த்துச் சொல்லியிருக்கணும். கூட்டத்தைப் பார்த்து அவசரப்பட்டுட்டேன். மன்னிச்சுக்கோங்கோ."

ஒரு டாக்டர் என்னிடம் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை. கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையில் மூக்கைச் சிந்திவிட்டு வந்தேன். மறுநாளே அக்காவையும் இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அவள் வெட்கப்பட்ட வெட்கத்தில் பாதியில் எழுந்து ஓடிவந்துவிட்டாள். வாயால் நான் சொன்னது அவளுக்குப் பிடிபடவே இல்லை.

எனக்குப் பிடிபட்டது. அதற்கென்று தனியாக நேரம் எங்கே இருக்கிறது? வேலையோடு வேலையாகச் செய்தேன். நூல் அறுந்தால், முடிச்சுப் போடுகிற வரைக்கும் இழுத்துப் பிடிப்பேன். போட்டு முடித்ததும் விடுவேன். மட்டமான பஞ்சு வந்த வாரங்களில் நூல் ஓயாமல் அறுந்தது. மற்றவர்கள் பஞ்சைத் திட்டினார்கள், நான் திட்டவில்லை. கார்த்திகை போய் மார்கழி வந்தது. ஒரு நாள் தும்மினேன், துணி காய்ந்திருந்தது. நம்பாமல் வேண்டுமென்றே மூக்கில் நூலை விட்டு மறுபடி தும்மினேன். காய்ந்தேதான் இருந்தது. ரீலைப் பிடித்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன்.

சங்கராந்தி கழிந்து டாக்டர் சீனிவாசராகவன் முன்னால் போய் நின்றேன். கண்டுக் கூடையைக் கொண்டுவரச் சொல்லித் தூக்க வைத்தார். தூக்கிக்கொண்டே இருமச் சொன்னார். இருமினேன். மூன்று மாதக் கோபத்தையும் சேர்த்து இருமினேன். நர்ஸ் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள். என் வேலை எனக்கு நிலைத்தது.

அதோடு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். "என்னம்மா மருந்து சாப்பிட்டே?" என்று அவர் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன். பயிற்சி, இழுப்பது, விடுவது, முடிச்சுப் போடுவது, எல்லாம். முதல் தடவையாக அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார், எழுதிக்கூடக் கொண்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அடுத்த வாரம் ரீல்களை நிறுத்திவிட்டு எங்களை வரிசையில் நிற்க வைத்தார்கள். நோயல் துரை என் தோளில் தட்டினார்.

"வெரி குட், சந்திரம்மா. நம்ம மில்லுக்கு ரொம்ப நல்ல காரியம் பண்ணிட்டே. இனிமே எல்லா லேடீஸும் டெய்லி எக்சர்சைஸ் பண்ணணும். அப்புறம் யாருக்கும் அடிக்கடி வெளியே போக வேண்டி வராது. பில்லை ஆளுக்கு லஞ்சுக்கு முன்னால ஒரு தடவை, லஞ்சுக்கு அப்புறம் ஒரு தடவை. போதும், இல்லையா?"

நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். பூமி பிளந்து உள்ளே போகலாம் என்பார்களே, சிமெண்டுத் தரை, அதுவும் பிளக்காது.

மறுநாள் காலையிலிருந்து டிரில். அதைச் செய்ய வைத்தது யார் தெரியுமா? வெங்கடசாமி. ஸ்டூல் மேல் ஏறி நின்றுகொண்டு, பட்டாளத்து ஹவில்தார் மாதிரி, "புடீய்! புடிச்சுக்கோ, புடிச்சுக்கோ, வுடு! பேக பேக, சீக்கிரம், மறுபடி புடி!" என்று கத்தினார். எதைப் பிடிக்கச் சொல்கிறோம், அது எங்கே இருக்கிறது என்று அந்த மனிதருக்கு என்ன தெரியும்? எங்கள் உடம்புக்குள் எங்களுக்கே தெரியாமல் ஒளிந்திருந்த இடத்தை நான் தேடிக் கண்டுபிடித்தேன். அதற்கும் மேஸ்திரி போட்டுவிட்டார்கள். நாற்பதில் முப்பது பேர் சுவரில் கை வைத்து முக்கிக்கொண்டிருந்தார்கள். "அப்படி இல்ல, உள்ள இழுங்க" என்று நான் வாயைத் திறந்தால், "வரிசைல பேசாத!" என்று அதட்டல். யாரும் என்னிடம் கேட்கவும் இல்லை. என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். "துரை கிட்ட நல்ல பேர் வாங்கறதுக்கு எங்க வயித்துல அடிச்சியே" என்று ஜீவனஹள்ளியிலிருந்து வருகிற ஒருத்தி என் சோற்றுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் துப்பினாள். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

சின்னத்தாயி அக்கா மட்டும் பேசினாள். அவளுக்கு அந்த வாரம் நீர்க்கடுப்பு, உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பம்பாயிலிருந்து பெரிய முதலாளிகள் வருகிறார்கள் என்று செக்‌ஷனைக் கழுவித் துடைத்த நாள் அது. அக்கா பில்லை கேட்டாள். கொடுக்கவில்லை. மறுபடி போய்க் கேட்டாள், கெஞ்சினாள்.

"ஒன் பக்கத்துலதானே கீறா டீச்சரம்மா? அவளப் பாத்துக் கத்துக்கினு புடி" என்றார் வெங்கடசாமி.

அக்கா திரும்பி வந்து ரீலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் அவள் கறுப்புப் புடவையின் கீழ் ஈரம் பரவியது. ஐம்பது வயசுப் பொம்பளை, பேரன் பேத்தி எடுத்தவள், வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதாள். "ஒன்ன ஒண்ணும் சொல்லலடி சந்திரா" என்றாள். அது என்னைக் கன்னத்தில் அறைந்ததைவிட வலித்தது.

அந்த நேரத்தில்தான் முதலாளிகள் வந்தார்கள். கோட்டுப் போட்ட இரண்டு பேர். பின்னால் மில் டாக்டர், அவருக்குப் பின்னால் நோயல் துரை. ரீல்கள் நின்றன. துரை என்னைக் கைகாட்டி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். கோட்டுக்காரர்கள் புருவத்தைத் தூக்கி, நல்லது நல்லது என்பது போலத் தலையாட்டினார்கள். வெங்கடசாமி ஸ்டூல் மேல் ஏறினார். "புடீய்!" என்றார்.

நான் வரிசையை விட்டு வெளியே வந்தேன். கழுவி விட்ட தரையில், அவர்களுக்கு நேர் முன்னால் போய் நின்றேன்.

"மேஸ்திரி, பில்லை."

"ஏய், இப்ப இன்னா பில்லை? பெரியவங்க நிக்கறது தெரியல?"

"எனக்கு வருது."

"புடிச்சுக்கோ. ஒனக்குத்தான் நல்லாத் தெரியுமே." கோட்டுக்காரர்களைப் பார்த்து இளித்தார்.

"தெரியும்" என்றேன்.

புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, நோயல் துரையின் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு, விட்டேன். தும்மவில்லை. இருமவில்லை. எதையும் தூக்கவில்லை. நானாக விட்டேன். சிமெண்டில் அது விழுந்த சத்தம் அந்த நீள ஹாலில் கோடி வரைக்கும் கேட்டது. துரை பின்னால் நகர்ந்தார். பாதியில் நிறுத்தினேன். சொட்டு விழவில்லை.

"பாத்துக்கோங்க சார், நிறுத்திட்டேன்" என்றேன். "டாக்டர், நீங்களும் நல்லாப் பாத்துக்கோங்க, அன்ஃபிட் இல்லை." பிறகு மிச்சத்தையும் விட்டேன்.

டாக்டர் சீனிவாசராகவன் தரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். துரைதான் முதலில் பேசினார். "சந்திரம்மா! ஒனக்கு பைத்தியமா? இது என்ன அசிங்கம்?"

"அசிங்கந்தான் சார். நாப்பது பேருக்கு ஒரு பில்லைன்னா எல்லாரும் இப்படித்தான் நிக்கணும். ஒடம்பு சரியாவணும்னு நான் கத்துக்கினேன். ஒங்க பில்லைய மிச்சம் பண்றதுக்கு இல்ல. ஒங்க வூட்டு அம்மாவ இந்த ஸ்டூலு முன்னால நிக்கவெச்சுப் புடி வுடுன்னு சொல்வீங்களா?"

கோட்டுக்காரர்களில் ஒருவர் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். யாரும் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை.

அப்போது என் முதுகுக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. சின்னத்தாயி அக்கா. ஈரப் புடவையோடு என்னைத் தாண்டி, மேஸ்திரியைத் தாண்டி, எதுவும் கேட்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு கக்கூசுக்குப் போனாள். அவளுக்குப் பின்னால் ஒருத்தி. அப்புறம் ஜீவனஹள்ளிக்காரி. அப்புறம் வரிசையே நகர்ந்தது. "நில்லுங்க! யாரக் கேட்டுப் போறீங்க!" என்று வெங்கடசாமி ஸ்டூல் மேலிருந்து கத்திக்கொண்டே இருந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

பயமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஒருத்தியை அன்ஃபிட் என்று எழுத அந்த டாக்டருக்கு ஒரு நிமிஷம் போதும். நாற்பது பேரையும் எழுதினால் நாளைக்கு நூல் யார் சுற்றுவது? கோட்டுக்காரர்கள் முகத்தில் அந்தக் கணக்கு ஓடுவது எனக்கே தெரிந்தது. ஈரக் காலோடு அங்கேயே நின்றேன். வெட்கம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. கோபம்தான் இருந்தது, அதை நான் இன்னும் விடவில்லை.